கடலை உள்ளே விடாத கதவு

எவாஞ்சலின் என்னும் நெடுங்கவிதையை நான் வாசிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, மழையால் பாதி வகுப்பு வராமல் போன ஒரு பிற்பகலில், எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் கவிதையை எடுத்து நின்றபடியே வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நீண்ட வரியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, அடுத்த வரிக்கு முன் நன்றாக மூச்சு வாங்கிக்கொள்வார். கதை எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஓரிடம் மட்டும் அன்றே நெஞ்சில் தங்கிவிட்டது. ஊர் மக்கள் அனைவரையும் படைவீரர்கள் கடற்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாலையாகிறது. மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வழக்கம்போல் வீடு திரும்புகின்றன. அந்த வரிகளைத் தமிழில் ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்:

மடியில் சுரந்த பாலின் மணம் ஈரக் காற்றில் இனித்தது;
பழகிய தொழுவத்துப் படலருகே நெடுநேரம் கத்தியபடி நின்றன;
கறப்பவளின் குரலுக்கும் கைக்கும் வீணே காத்து நின்றன.

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வரிகளை யாரும் விளக்க வேண்டியதில்லை. கறக்கும் நேரம் தப்பினால் மடி கட்டிக்கொள்ளும். வலி தாங்காமல் மாடு கால் மாற்றி மாற்றி நிற்கும். வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சமூகமே ஒரே நாளில் வேரோடு பிடுங்கப்பட்டதை, பால் கட்டிய மடியோடு நிற்கும் மாட்டைக் காட்டிச் சொன்ன கவிஞன் மீது எனக்கு அன்று பிறந்த மதிப்பு, பின்னாளில் அவன் செய்த பிழைகள் தெரிந்த பிறகும் குறையவில்லை. அந்தப் பிழைகளைப் பற்றியும், அவற்றைத் தாண்டி அந்தக் கவிதை அகேடிய மக்களுக்கு, அதாவது இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் குடியேறி வாழ்ந்த பிரெஞ்சு வழியினருக்கு, என்னவாயிற்று என்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போனபோது, ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள, கவிதையின் ஊரான கிராண்ட் பிரேக்கு நேரில் போய் வந்த பிறகுதான் அதை எப்படித் தொடங்குவது என்பது தெரிந்தது.

கவிதையை எழுதியவர் ஹென்றி வாட்ஸ்வொர்த் லாங்ஃபெல்லோ. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்தவர், ஹார்வர்டில் பேராசிரியர். கதை அவருக்கு விருந்து மேசையில் கிடைத்தது. ஹொரேஸ் கொனொலி என்ற மதகுரு, திருமண நாளில் பிரிக்கப்பட்ட ஓர் அகேடிய இணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். மணமகள் வாழ்நாள் முழுவதும் மணமகனைத் தேடி அலைந்து, கடைசியில் அவனை மரணப் படுக்கையில் கண்டாள் என்பதுதான் கதை. அதை நாவலாக எழுதும்படி நதேனியல் ஹாதார்னை அவர் தூண்டிப் பார்த்தார். ஹாதார்னுக்கு அதில் மனம் செல்லவில்லை. அதே மேசையில் இருந்த லாங்ஃபெல்லோ, உனக்கு வேண்டாமென்றால் எனக்குக் கொடு, நான் கவிதையாக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டார். 1847-இல், அவருடைய நாற்பதாவது வயதில், பாஸ்டனில் கவிதை நூலாக வெளிவந்தது. தாம் நேசித்த ஃபேனி ஆப்பிள்டனை மணப்பதற்கு லாங்ஃபெல்லோ ஏழு ஆண்டுகள் காத்திருந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். காத்திருத்தலைப் பற்றி எழுதும் வரிகளில் அவருடைய கை தடுமாறுவதே இல்லை.

கிரேக்கக் காவியங்களின் அறுசீர் அடியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து அவர் இதை எழுதினார். ஒரு நீண்ட அசை, அதைத் தொடர்ந்து இரண்டு குறுகிய அசைகள் என்று அலைபோல் விழுந்து எழும் நடை அது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தாத சட்டை என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. ஆசிரியப்பாவின் நீண்ட ஓட்டத்தில் பழகிய என் காதுக்கு அது அந்நியமாகப் படவில்லை. அவசரமில்லாத, ஊர்ப் பெரியவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து சொல்வது போன்ற அந்த நடை இல்லாவிட்டால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளுக்கு இந்தத் துயரம் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கதை இதுதான். ஃபண்டி வளைகுடாவின் கிளையான மினாஸ் கரையில் கிராண்ட் பிரே என்ற ஊர். பிரெஞ்சு மொழியில் பெரும் புல்வெளி என்று பொருள். அங்கே செல்வமிக்க உழவர் பெனடிக்ட் பெல்ஃபோன்டேன். அவருடைய ஒரே மகள், பதினேழு வயது எவாஞ்சலின். ஊர்க் கொல்லர் பேசில். அவருடைய மகன் கேப்ரியல். இரு குழந்தைகளும் கொல்லுலையின் தீப்பொறிகளை வேடிக்கை பார்த்தபடி ஒன்றாக வளர்ந்தவர்கள். ஓர் இலையுதிர்காலத்து இரவில் இரு தந்தையரும் அடுப்பருகே அமர்ந்திருக்க, பத்திரம் எழுதும் முதியவர் ரெனே லெப்லாங் வந்து, பெண்ணுக்குச் சீதனமாக எத்தனை ஆடு, எத்தனை மாடு என்று எழுதி முத்திரை வைக்கிறார். மறுநாள் பழத்தோட்டத்தில் நிச்சயதார்த்த விருந்து. பிடில்காரர் மைக்கேல் வாசிக்க எல்லோரும் ஆடுகிறார்கள். அப்போது பறை ஒலிக்கிறது. ஆண்கள் அனைவரும் தேவாலயத்துக்கு வர வேண்டும் என்பது கட்டளை. உள்ளே போனவர்களுக்குப் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. நிலமும் வீடும் கால்நடையும் அரசருக்குச் சேர்ந்தன, நீங்கள் அனைவரும் இந்த மாகாணத்திலிருந்து வேறு நாடுகளுக்குக் கொண்டுபோகப்படுவீர்கள் என்று தளபதி படித்துச் சொல்கிறார். ஐந்தாம் நாள் கடற்கரை. எரியும் ஊரின் வெளிச்சத்தில் பெனடிக்ட் மணலிலேயே சாய்ந்து இறக்கிறார். கேப்ரியல் ஒரு கப்பலில், எவாஞ்சலின் மற்றொன்றில்.

இதில் பெரும்பகுதி வரலாறு. 1755-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, கிராண்ட் பிரேயின் புனித சார்லஸ் தேவாலயத்தில் 418 ஆண்களும் சிறுவர்களும் கூடினார்கள். பத்து வயதுச் சிறுவர்களும் வர வேண்டும் என்று கட்டளையிடப்பட்டிருந்தது. ஆணையைப் படித்தவர் லெப்டினன்ட் கர்னல் ஜான் வின்ஸ்லோ. இந்தக் கடமை தம் இயல்புக்கும் மனத்துக்கும் மிகவும் ஒவ்வாதது என்று அவர்களிடமே சொல்லிவிட்டு, அதைப் பிசகின்றி நிறைவேற்றினார். சரியாக ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, கலகம் வருமோ என்ற அச்சத்தில் இளைஞர்களை முதலில் கப்பலேற்றினார்கள். தந்தையரை விட்டுப் போக மாட்டோம் என்று நின்றவர்களைத் துப்பாக்கி முனைக் கத்திகளைக் காட்டி நகர்த்தினார்கள். செபித்தும் பாடியும் அழுதும் அவர்கள் போனதையும், வழி நெடுகப் பெண்களும் குழந்தைகளும் எதிர்கொண்டு நின்றதையும் வின்ஸ்லோவே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கவிதையில் வரும் ஐந்தாம் நாள் ஊர்வலத்தை வாசிக்கும்போது, அது கற்பனை இல்லை என்பது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மினாஸ் பகுதியிலிருந்து மட்டும் அந்த ஆண்டில் 2,000-க்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டார்கள். 1763 வரை நீண்ட இந்த வெளியேற்றத்தில் அகேடியா முழுவதிலிருந்தும் கொண்டுபோகப்பட்டவர்கள் சுமார் 10,000 பேர். ஆயிரக்கணக்கானோர் நோயிலும் பட்டினியிலும் கடலிலும் மடிந்தார்கள்.

கிராண்ட் பிரேயில் நான் முதலில் பார்க்க விரும்பியது சிலையையோ தேவாலயத்தையோ அல்ல. அந்த மக்கள் கட்டிய கரைகளை. ஃபண்டி வளைகுடாவின் ஓதம் உலகிலேயே மிக உயரமானது. சில இடங்களில் கடல்மட்டம் ஒரே நாளில் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். அப்படிப்பட்ட கடலிடமிருந்துதான் 1680-களில் அங்கே குடியேறிய குடும்பங்கள் நிலத்தை மீட்டன. காடு வெட்டி வயலாக்காமல், உவர்ச் சதுப்பை வயலாக்கினார்கள். சதுப்புப் புல்லை வேரோடும் மண்ணோடும் செங்கல் போல வெட்டி அடுக்கிக் கரை எழுப்பினார்கள். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளக் கரை இறுகியது. கரைக்கு அடியில், ஓடை கடலில் சேரும் இடத்தில், ஒரு மரமதகு வைத்தார்கள். அதற்கு அவர்கள் மொழியில் அபுவாத்தோ என்று பெயர்.

கண்காட்சிக் கூடத்தில் அபுவாத்தோவின் முன் நான் வெகுநேரம் நின்றேன். மரத்தைக் குடைந்து செய்த நீண்ட தொட்டி போன்ற வாய்க்கால். அதன் உள்ளே, மேற்பக்கத்தில் கீல் போலத் தொங்கும் ஒரு மரக்கதவு. அவ்வளவுதான். யாரும் திறக்க வேண்டாம், யாரும் மூட வேண்டாம். ஓதம் ஏறும்போது கடல்நீரே அந்தக் கதவைத் தள்ளி மூடிவிடுகிறது. எவ்வளவு வேகமாகக் கடல் வருகிறதோ அவ்வளவு இறுக்கமாக அது சாத்திக்கொள்கிறது. ஓதம் வடிந்ததும் உள்ளே தேங்கிய மழைநீர் அதே கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறது. உள்ளிருப்பது வெளியே போகலாம். வெளியிலிருக்கும் உப்பு உள்ளே வர முடியாது. இரண்டு மூன்று ஆண்டு மழையில் மண்ணின் உப்பு முழுவதும் கழுவப்பட்டு, கோதுமை விளையும் மண்ணாகிவிடும். ஒரு கரை உடைந்தால் எல்லோருடைய வயலும் கெடும் என்பதால், கரை கட்டுவதும் காப்பதும் ஊரார் அனைவரின் வேலை.

இப்போது கவிதையின் தொடக்கத்துக்கு வருகிறேன். கிராண்ட் பிரேயை அறிமுகப்படுத்தும் இடத்தில் லாங்ஃபெல்லோ கரைகளைப் பற்றிச் சொல்கிறார்: உழவர்கள் ஓயாத உழைப்பால் எழுப்பிய கரைகள் கொந்தளிக்கும் ஓதத்தைத் தடுத்தன, ஆனால் குறித்த பருவங்களில் மதகுகள் திறந்து, புல்வெளிகளில் மனம்போல் உலவிவரக் கடலை வரவேற்றன. எத்தனையோ முறை வாசித்த வரி. அபுவாத்தோவைக் கண்ணால் பார்த்த அன்றுதான் அது தலைகீழாக இருக்கிறது என்பது உறைத்தது. கடலை வரவேற்பதற்கு அந்த மதகு செய்யப்படவில்லை; கடலுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதற்கே செய்யப்பட்டது. லாங்ஃபெல்லோ நோவா ஸ்கோஷியாவுக்குப் போனதே இல்லை. தாமஸ் ஹாலிபர்ட்டன் 1829-இல் எழுதிய வரலாற்று நூலை வைத்துக்கொண்டு எழுதினார். ஒரு மதகின் செயல்பாட்டைத் தவறாகச் சொன்னதற்காகக் கவிஞனோடு வழக்காடுவது சிறுமை என்று யாரேனும் நினைக்கலாம். ஆனால் இந்த ஒரு பிழையிலிருந்து கவிதை முழுவதற்கும் ஒரு நூல் ஓடுகிறது. சில வரிகளுக்குப் பிறகு அவர் எழுதுகிறார்: கதவுகளுக்குப் பூட்டில்லை, சன்னல்களுக்குத் தாழில்லை, வீடுகள் பகல்போல் திறந்து கிடந்தன, அவற்றுக்கு உரியவர்களின் நெஞ்சங்களும் அப்படியே. மதகு திறந்தது, வீடு திறந்தது, நெஞ்சம் திறந்தது. யார் வந்தாலும் இடம் கொடுத்து, என்ன வந்தாலும் பொறுத்துக்கொள்ளும் எளிய ஆட்டு மந்தையாக அந்த மக்களை அவர் தீட்டிவிட்டார்.

உண்மையில் அவர்கள் மறுக்கத் தெரிந்த மக்கள். 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையின்படி அகேடியா பிரிட்டன் வசமானது முதல், நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி ஆளுநர் மாற்றி ஆளுநர் வற்புறுத்தியும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் இசையவில்லை. பிரெஞ்சுக்காரரை எதிர்த்தோ மிக்மாக் பழங்குடியினரை எதிர்த்தோ ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற நிபந்தனையோடுதான் 1730-இல் பிரமாணம் எடுத்தார்கள். அரசருக்கு வரியும் கீழ்ப்படிதலும் உண்டு, ஆனால் அண்டை அயலாரைக் கொல்லும் வேலை எங்களுக்கு வேண்டாம் என்பதே அவர்கள் நிலை. நடுநிலைப் பிரெஞ்சுக்காரர் என்றே அவர்களை ஆங்கிலேயர் அழைத்தார்கள். 1755 ஜூலையில், பிரதிநிதிகளை ஹாலிஃபாக்ஸுக்கு வரவழைத்து துணைநிலை ஆளுநர் சார்லஸ் லாரன்ஸ் கடைசி முறையாகக் கேட்டபோதும், முழுப் பிரமாணத்துக்கு அவர்கள் இணங்கவில்லை. ஜூலை 28 அன்று அவருடைய ஆலோசனை மன்றம் வெளியேற்றத்தை முடிவு செய்தது. கவிதையில் இந்த நாற்பதாண்டு மறுப்பு இல்லை. நிபந்தனையோடு எடுத்த பிரமாணம் இல்லை. யாருக்கு எதிராக ஆயுதம் எடுக்க மறுத்தார்களோ அந்த மிக்மாக் மக்களுக்கு அகேடியர் வாழ்வில் இருந்த இடமும் இல்லை. கொல்லர் பேசில் ஒருவர் மட்டும் சினந்து கத்துகிறார். உடனே ஒரு வீரனின் அடியில் கீழே விழுகிறார். பங்குத்தந்தை ஃபெலிசியன் மன்னிக்கும்படி மன்றாடச் சொல்கிறார். எல்லோரும் மண்டியிட்டு அழுகிறார்கள்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. அது பிழையென்றால், மதகைப் போலத் தெரியாமல் நேர்ந்த பிழையல்ல. கவிதையில் தளபதிக்குப் பெயரில்லை. வந்தவர்கள் அரசரின் படையினர், அவ்வளவுதான். ஆனால் வின்ஸ்லோ மாசசூசெட்ஸ்காரர்; அவர் கூட்டி வந்த வீரர்கள் நியூ இங்கிலாந்துக்காரர்கள்; மாசசூசெட்ஸ் ஆளுநர் வில்லியம் ஷெர்லிக்கு அகேடியா மீதான படையெடுப்பில் பெரும் பங்குண்டு. வின்ஸ்லோவின் பெயரும் அவர் படித்த ஆணையும் ஹாலிபர்ட்டனின் நூலிலேயே இருந்தன. தம் சொந்த மாநிலத்தார் செய்த செயலை, தொலைதூரத்து அரசரின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, அதே மாநிலத்து வாசகர்கள் கண்ணீர் விடும்படி கவிஞர் எழுதினார். நூல் உடனே பல பதிப்புகள் கண்டது. அழுதவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பாட்டனார் அந்தக் கரையில் துப்பாக்கியோடு நின்றிருக்கலாம் என்ற நினைவு வந்திருக்கும்?

இவ்வளவு சொன்ன பிறகும், கவிதைக்குள்ளேயே கவிஞரின் மென்மையை மீறி நிற்கும் ஓர் இடத்தைச் சொல்லாமல் போக முடியாது. நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய இரவு. ஆற்றின் முகத்துவாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் பீரங்கியை ஊரை நோக்கித் திருப்பி வைத்து நிற்கின்றன என்று பேசில் சொல்கிறார். நம்மிடம் தவறில்லை, நீதி கடைசியில் வெல்லும் என்று முதியவர் லெப்லாங் ஒரு கதை சொல்கிறார். ஒரு நகரத்தில், கையில் தராசு ஏந்திய நீதிதேவியின் வெண்கலச் சிலை. பிரபு வீட்டில் ஒரு முத்துமாலை காணாமல் போகிறது. அநாதையான பணிப்பெண் மீது பழி விழுகிறது. அந்தச் சிலையின் அடியிலேயே அவள் தூக்கிலிடப்படுகிறாள். அவள் உயிர் பிரியும் நேரத்தில் இடி விழுந்து, சிலையின் கையிலிருந்த தராசு உடைந்து கீழே சிதறுகிறது. தராசுத் தட்டில் ஒரு பறவைக் கூடு. கூட்டின் களிமண்ணில் பின்னிக் கிடக்கிறது அந்த முத்துமாலை. கதை முடிகிறது. பேசில் வாய் திறக்கவில்லை. ஆனால் அவருக்கு அது நம்பிக்கை தரவில்லை என்பதை முகம் காட்டுகிறது. உண்மைதான். நீதி வென்றதாகச் சொன்ன அந்தக் கதையில் பெண் செத்துப்போய்விட்டாள். கதை சொன்னவருக்கு அது தெரியவில்லை, கேட்டவருக்குத் தெரிந்தது.

அந்த லெப்லாங் கற்பனை மனிதர் அல்லர். ரெனே லெப்லாங் என்ற பெயரில் கிராண்ட் பிரேயில் உண்மையாகவே ஒரு பத்திர எழுத்தர் இருந்தார். ஆங்கிலேய ஆட்சிக்காக உழைத்தவர்; அதன் காரணமாகவே எதிர்த்தரப்பாரிடம் சிக்கி நான்கு ஆண்டுகள் சிறையிருந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் தவித்த அகேடியர்கள் பின்னாளில் பிரிட்டன் அரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் அவருடைய கதையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். இருபது பிள்ளைகளும் ஏறத்தாழ 150 பேரப்பிள்ளைகளும் கொண்ட அந்த முதியவரை, மனைவியோடும் இளைய பிள்ளைகள் இருவரோடும் நியூயார்க்கில் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் வெவ்வேறு குடியேற்றங்களுக்குச் சிதறிப் போனார்கள். பின்பு அவர் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து, அங்கே நோயிலும் துயரிலும் இறந்தார். லாங்ஃபெல்லோ இதை அறிந்திருந்தார். கவிதையின் இறுதிக் காண்டத்தில், எவாஞ்சலின் ஃபிலடெல்ஃபியாவுக்கு வரும்போது, இரண்டே வரிகளில் சொல்லிக் கடக்கிறார்: முதியவர் லெப்லாங் இங்கேதான் இறந்தார், நூறு வழித்தோன்றல்களில் ஒருவரை மட்டுமே அருகில் கண்டு கண் மூடினார். நீதிதேவியின் கதையைச் சொன்ன மனிதரின் முடிவு இது என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை.

கவிதையின் இரண்டாம் பகுதி தேடல். மிசிசிப்பி ஆற்றில் படகில் இறங்கி, லூசியானாவுக்குப் போய்ச் சேர்ந்த அகேடியரிடம் கேப்ரியலைத் தேடி அவள் போகிறாள். துணைக்குத் தந்தை ஃபெலிசியன். லாங்ஃபெல்லோ லூசியானாவையும் பார்த்ததில்லை. அப்போது ஜான் பான்வார்ட் என்பவர் மிசிசிப்பி ஆற்றை மைல் கணக்கில் சித்திரமாகத் தீட்டிச் சுருளாக்கிப் பாஸ்டனில் காட்டிக்கொண்டிருந்தார். ஆறே என்னைத் தேடி வந்துவிட்டது என்பதுபோல் மகிழ்ந்து லாங்ஃபெல்லோ அதைப் போய்ப் பார்த்தார். அந்தச் சித்திரத்தின் மெல்லிய ஒளி இந்தப் பகுதியெங்கும் படிந்திருக்கிறது. ஒரு நண்பகலில், லூசியானாவின் அட்சஃபலாயா ஆற்று நீர்ப்பரப்பில் ஒரு தீவின் வில்லோ மரங்களுக்கு அடியில் படகைக் கட்டிவிட்டு எல்லோரும் களைத்து உறங்குகிறார்கள். அதே வேளையில் வேட்டைக்காரர்களின் விரைவுப் படகு ஒன்று வடக்கு நோக்கி வருகிறது. சுக்கான் பிடித்து அமர்ந்திருக்கும் வாடிய முகத்து இளைஞன் கேப்ரியல். அவளை மறக்க முடியாமல் மேற்குக் காட்டில் தொலைந்துபோகப் புறப்பட்டவன். தீவின் மறுகரையோரமாக, குட்டைப் பனைகளுக்குப் பின்னால், படகு கடந்து போய்விடுகிறது. துடுப்பு நீரில் விழும் ஒலி உறங்குபவர்களை எழுப்பவில்லை.

இந்தக் காட்சியில் யாரும் தவறு செய்யவில்லை. களைத்தவர்கள் உறங்கினார்கள், அவசரத்தில் இருந்தவன் விரைந்தான். ஆனால் ஊரிலிருந்து பெயர்த்தெறியப்பட்டவர்களின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் கழிந்தது. வர்ஜீனியா அவர்களை ஏற்க மறுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கிருந்து பிரான்சுக்குப் போனார்கள். 1785-இல் ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 பேர் மறுபடியும் கடல் கடந்து லூசியானாவுக்கு வந்தார்கள். அண்ணன் போன திசை தம்பிக்குத் தெரியாது. தாய் இறங்கிய துறைமுகம் மகளுக்குத் தெரியாது. அந்த முப்பது ஆண்டு அலைச்சலை ஒரு நண்பகல் உறக்கத்தில் அடக்கிவிட்ட அந்தப் பக்கங்களுக்காக, மதகுப் பிழையை நான் மன்னித்துவிடுவேன்.

பிறகு பேசிலின் மாட்டுப் பண்ணை, ஓசார்க் மலைகள், இயேசு சபையாரின் குடியிருப்பு, மிச்சிகனின் காடுகள் என்று தேடல் நீள்கிறது. எல்லா இடத்திலும் அவன் சற்று முன்தான் போயிருக்கிறான். இந்தப் பகுதி எனக்குச் சலிப்பூட்டுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. நிலக்காட்சிகள் அழகாக இருந்தும், ஒரே கதவு மீண்டும் மீண்டும் முகத்தில் அறையப்படுகிறது. ஆனால் தேடலின் தொடக்கத்திலேயே தந்தை ஃபெலிசியன் சொல்லும் ஆறுதல் வீணானதல்ல: அன்பு வீணாயிற்று என்று சொல்லாதே, இன்னொரு நெஞ்சை அது நிறைக்காவிட்டாலும், அந்த நீர் மழைபோல் தன் ஊற்றுக்கே திரும்பி அதை நிறைக்கும்.

இறுதியில் ஃபிலடெல்ஃபியா. எவாஞ்சலின் நரைத்த கன்னியாஸ்திரியாக நோயாளிகளுக்குப் பணி செய்கிறாள். நகரத்தைக் கொள்ளைநோய் தாக்குகிறது. 1793-இல் அங்கே சுமார் 5,000 பேரைக் கொன்ற மஞ்சள் காய்ச்சல் என்றே அதைக் கொள்கிறார்கள். ஒரு ஞாயிறு காலை, தோட்டத்தில் பறித்த மலர்களோடு ஏழையர் இல்லத்துக்குள் போகிறவள், ஒரு படுக்கையின் முன் நின்றுவிடுகிறாள். மலர்கள் கையிலிருந்து நழுவி விழுகின்றன. படுத்திருப்பவர் நரைத்த முதியவர். காலை வெளிச்சத்தில் ஒரு கணம் அவர் முகம் இளைஞனின் முகமாகிறது. அவள் கேப்ரியல் என்று அழைக்கிறாள். மயக்கத்தில் அவனுக்குத் தெரிவது அகேடியாவின் பச்சைப் புல்வெளியும் ஆறுகளும் அங்கே நடந்து வரும் இளம் எவாஞ்சலினும். அவள் பெயரைச் சொல்ல முயல்கிறான். உதடுகள் அசைகின்றன, ஒலி வரவில்லை.

இந்தக் கவிதையை அகேடியர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கவிதையைவிட எனக்கு வியப்பளிப்பது. 1764-க்குப் பிறகு திரும்பி வர அனுமதி கிடைத்தவர்களுக்குப் பழைய வயல்கள் கிடைக்கவில்லை. பாறைக் கரைகளிலும் ஒதுக்குப்புறங்களிலும் மீனவர்களாக வாழ்ந்தார்கள். ஒரு நூற்றாண்டு அவர்களைப் பற்றி உலகம் பேசவில்லை. 1865-இல் கியூபெக்கின் பம்ஃபீல் லெமே இந்தக் கவிதையைப் பிரெஞ்சில் தந்தபோது, ஓர் அமெரிக்கப் புரொட்டஸ்டன்ட் எழுதிய கதை அவர்களுடைய சொந்தக் கதையாகிவிட்டது. 1881-இல் முதல் தேசிய மாநாடு கூடியது. 1884-இல் கொடியும் கீதமும் வந்தன. 1887-இல் தொடங்கிய செய்தித்தாள் எவாஞ்சலின் என்றே பெயர் தாங்கி 1982 வரை வெளிவந்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இருப்பவளாகக் கவிஞர் படைத்த பெண்ணின் பெயரில், தங்கள் மொழிக்கும் பள்ளிக்கும் உரிமை கேட்டு அவர்கள் தலையங்கம் எழுதினார்கள்.

பிற்காலத்தவர் அந்தப் பெண்ணோடு சண்டையும் போட்டார்கள். அகேடியாவின் பெரும் எழுத்தாளர் அந்தோனின் மாயே, 1979-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு பெற்ற தம் நாவலில், பெலாஜி என்ற கைம்பெண்ணைப் படைத்தார். அவள் காதலனைத் தேடி அலைபவள் அல்லள். ஜார்ஜியாவிலிருந்து மாட்டு வண்டி பூட்டி, சிதறிய தன் மக்களைத் திரட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவள். எவாஞ்சலினுக்கு அகேடியா சொன்ன மறுமொழி அது. லூசியானாவிலோ எவாஞ்சலினின் அசல் இவள்தான் என்று எம்மலின் லபிஷ் என்ற பெயரை 1907-இல் ஒரு நூல் முன்வைத்தது. வரலாற்றாய்வாளர்கள் அதற்குச் சான்றில்லை என்று காட்டிய பிறகும், அங்கே செயின்ட் மார்ட்டின்வில் ஊரில் எவாஞ்சலின் பெயர் தாங்கிய ஓக் மரத்தடிக்கு மக்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். 2003-இல் அரசி இரண்டாம் எலிசபெத்தின் பெயரால் கனடாவில் ஓர் அரசாணை வெளியாகி, அகேடியர் பட்ட துன்பத்தை ஒப்புக்கொண்டது. ஆண்டுதோறும் ஜூலை 28 நினைவு நாளாயிற்று. மன்றம் முடிவெடுத்த அதே நாள்.

கிராண்ட் பிரேயில் 1920-இல் நிறுவப்பட்ட எவாஞ்சலின் சிலை நிற்கிறது. பிரிந்து போகும் ஊரைத் திரும்பிப் பார்க்கும் கோலம். ஒரு பக்கம் நின்று பார்த்தால் இளம்பெண்ணாகவும், சுற்றி வந்தால் வயது ஏறியவளாகவும் தெரியும் என்று சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அங்கிருந்து நாங்கள் வயல்களின் ஊடே கரைக்கு நடந்தோம். 1,300 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த நிலப்பரப்பு 2012 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இன்றும் கரைகளுக்குப் பின்னால் பயிர் விளைகிறது. அகேடியரைத் துரத்திய நான்காம் ஆண்டு, 1759 நவம்பரில், பெரும்புயல் வந்து இந்தக் கரைகளை உடைத்தது. நிலத்தை வாங்கிக்கொள்ள நியூ இங்கிலாந்திலிருந்து வந்த புதுக் குடியேறிகளுக்குக் கரை கட்டத் தெரியவில்லை. கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த அகேடியர்களைக் கூட்டி வந்து, அவர்களுடைய பழைய வயல்களைப் புதியவர்களுக்காகக் கட்டித் தரச் செய்தார்கள். கட்டினார்கள். லாங்ஃபெல்லோவின் கவிதையில் இது இல்லை. அந்த மண்ணில் மறுபடியும் மண்வெட்டியை இறக்கிப் புல்கட்டி வெட்டியவனின் மனத்தை எழுத ஒரு கவிஞன் இனித்தான் வர வேண்டும்.

கரை மேல் ஏறி நின்றபோது ஓதம் முழுவதும் வடிந்து, செம்மண் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் வரை பளபளத்தது. எங்கள் காலடியில், கரைக்கு வெளியே, மதகிலிருந்து மெல்லிய நீரோட்டம் சேற்றைக் கீறிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மகன் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பும் அப்பா என்றான். காத்திருந்தோம். தொலைவில் சேற்றின் ஓரம் கருத்தது. பிறகு கண்முன்னே நீர் ஏறி வந்தது, சத்தமில்லாமல், ஒருவர் நடந்து வரும் வேகத்தில். அது மதகின் வாயைத் தொட்டுச் சற்று நேரத்தில் உள்ளிருந்து வந்த நீரோட்டம் மெலிந்து நின்றுபோனது. கரைக்கு இந்தப் பக்கம், கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த புல்வெளியில், மாடுகள் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.